சொந்தக் காரணங்களினால்

சுவிஸுக்கு வந்து நான் செய்த முட்டாள்தனங்களில் எது பெரியது என்று கேட்டால், ஒரு கடிதம் எழுதியதைத்தான் சொல்வேன். மூன்றே வரி. இங்கிலீஷில், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல், முத்து முத்தான கையெழுத்தில் எழுதியது. எழுதி முடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்து ரசித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வரிக்காக அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில், மின்சாரப் பெட்டிகளைப் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை காலை ஃபோர்மன் எங்கள் பகுதியில் இருந்த பதினொரு பேரையும் கூட்டி நிறுத்தி நீளமாகப் பேசினார். பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதி இதுதான். பொதி கட்டும் வேலை வேறு ஊருக்குப் போகிறது. அடுத்த மாத முடிவோடு இந்தப் பகுதியை மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கடிதம் தருவார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஒரு இத்தாலியப் பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியவர், எனக்கு வேலை பழக்கியவர். அவர் கைகளை உடுப்பில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: "குண்டிகுங்."

வேலைநீக்கத்துக்கு ஜெர்மனில் அதுதான் சொல். அவர்கள் வாயில் கொஞ்சம் நாகரிகமாக ஒலிக்கும். எங்கள் ஆட்களின் வாயில் அது இப்படித்தான் விழுந்தது. வேலை போனவனிடம், "என்ன, குண்டியில விழுந்திட்டுதோ?" என்று கேட்டு, நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த வீடே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கும் அந்த உறை வரும், அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பு ஒன்றே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நாலு வருடம் கிளாக்காக இருந்தவன். அங்கே ஒருவரை "வேலையால கலைச்சுப் போட்டாங்கள்" என்றால் அந்தச் சொல் அவரோடு நிற்காது. தங்கச்சியின் கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். அதற்காகவே ஒரு வழி வைத்திருந்தார்கள். மேலிடத்தில் கடிதம் தயாராகிறது என்று காதில் விழுந்தவுடன் ஆள் முந்திக்கொண்டு ராஜினாமாவை நீட்டிவிடுவார். சொந்தக் காரணங்களினால் பதவியிலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன் என்று இருக்கும். அதை வாங்குகிற அதிகாரிக்கும் உண்மை தெரியும், ரைப் அடித்துக் கொடுக்கிற எனக்கும் தெரியும், தேத்தண்ணி கொண்டுவருகிறவருக்கும் தெரியும். என்ன சொந்தக் காரணம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையில்லை. கலைக்கப்பட இருந்தவர் விலகினவராகி, தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஆகவே அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றின கையோடு உட்கார்ந்து எழுதினேன். வியாழன் காலை தொழிற்சாலை அலுவலகத்தில் ஆட்களைக் கவனிக்கும் கந்தோரில் இருந்த பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உறையைப் பிரித்து ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், நன்றி என்றார். வெள்ளிக்கிழமை பத்துப் பேருக்கு உறை வந்தது. எனக்கு வரவில்லை. இத்தாலியப் பெண்மணி தன் கடிதத்தை மடித்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். இந்த அவமானத்துக்கு இவ்வளவு பத்திரமா என்று நான் உள்ளுக்குள் நக்கலாக நினைத்துக்கொண்டேன். வீட்டில், "வேலையால நானாத்தான் நிண்டனான்" என்று நால்வருக்கும் கேட்கச் சொன்னேன். உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை வேலை செய்த கடைசி நாள் வரைக்கும் நீடித்தது. அன்று விடைபெறும்போது அந்த இத்தாலியப் பெண்மணி, இந்த ஊர் நகரசபைக் கட்டடத்தில் தொழில் கந்தோர் இருக்கிறது, திங்கட்கிழமையே போய்ப் பதிந்துவிடு என்றார். பிச்சைக் காசு எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் சம்பளத் துண்டை வாங்கி, அதில் மாதாமாதம் ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டிருந்த வரியை நகத்தால் கீறிக் காட்டினார். அது நான் கட்டிய காப்புறுதி, என்னுடையது, ஒருவரும் இரங்கித் தருவதல்ல என்று விளங்கப்படுத்தினார். அவ்வளவு நாளும் அந்த வரியை நான் வாசித்ததே இல்லை.

போவதற்கு ஒரு துணை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஐந்து பேரில் ஜெர்மன் ஒழுங்காகக் கதைக்கக்கூடியவர் ஒருவர்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவர். நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். சூரிச்சில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் இருந்தார். ஆஸ்பத்திரி, பொலிஸ், பள்ளிக்கூடம் என்று எங்கள் ஆட்களுக்கு எங்கே வாய் தேவைப்பட்டாலும் அண்ணைதான் போவார். நான் கேட்டவுடன், "அதுக்கென்ன தம்பி, வாறன்" என்றார். திங்கள் காலை சேட்டு மாற்றிக்கொண்டு கூடவே வந்தார்.

தொழில் கந்தோர் அதிகாரி கம்பளி மேலங்கி போட்ட, மெதுவாகப் பேசுகிற ஒரு மனிதர். பென்சில்களைச் சீவிச் சீவி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருந்தார். ஒரு அட்டை தந்தார். குறித்த நாட்களில் வந்து அதில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இங்கே வேலையில்லாமல் இருப்பதற்கே முத்திரை குத்தப் போவது என்றுதான் பெயர். பிறகு ஒரு படிவத்தை நீட்டி, கடந்த இரண்டு வருடத்தில் எங்கெங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை செய்தேன் என்று எழுதச் சொன்னார். குறைந்தது ஆறு மாதம் தேறவேண்டும். அதோடு ஒவ்வொரு முதலாளியிடமிருந்தும் அத்தாட்சி வேண்டும்.

என்னுடைய இரண்டு வருடம் படிவத்தின் கோடுகளுக்குள் அடங்க மறுத்தது. டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியது ஒரு குளிர்காலம், மூன்றரை மாதம். சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் மணித்தியாலக் கணக்கில் கூட்டித் துடைத்தது. அங்கே ஒரு கிழமை நாலு நாள், மறு கிழமை ஒரு நாள், அதற்கடுத்த கிழமை கூப்பிடவே மாட்டார்கள். நடுவில் ஒன்றுமில்லாமல் அறைக்குள் இருந்த மாதங்கள். கடைசியாகத் தொழிற்சாலையில் நாலு மாதம். சோலோதுர்ன் கணக்கில் எதையும் நம்ப முடியாது. டாவோஸ் இல்லாவிட்டால் நான் தேறமாட்டேன்.

முதியோர் இல்லத்துக்கு எழுதினேன், இரண்டாம் நாளே பதில் வந்தது. டாவோஸுக்கு எழுதினேன், பத்து நாளாகியும் ஒன்றுமில்லை. ரெலிபோன் அடித்தால் அது தன்பாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. பொறுக்கமுடியாமல் ரயிலேறிப் போனேன். நவம்பர் மாதம். கோடைக்காரர் போய், பனிக்காரர் வராத இடைக்காலம். ஹோட்டலின் பலகைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பின்பக்கம் போய், நான் ஒரு குளிர்காலம் முழுவதும் குப்பை வாளி தூக்கிச் சென்ற கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. கொண்டுபோன படிவத்தை ஒரு கடிதத்தோடு கதவின் கீழால் தள்ளிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். வழி முழுவதும், அந்தக் கடதாசி கால்மிதிக்குக் கீழே போயிருக்குமோ, யாராவது குப்பையோடு கூட்டித் தள்ளிவிடுவார்களோ என்று யோசித்து யோசித்து ஏப்பம் புளித்தது.

ஒன்பதாம் நாள் அது நிரப்பப்பட்டு வந்து சேர்ந்தது. யார் கண்டெடுத்தார், யார் எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். மாதம் தேறிவிட்டது என்று அண்ணையும் நானும் உற்சாகமாகக் கந்தோருக்குப் போனோம்.

அதிகாரி எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார். தொழிற்சாலை அனுப்பியிருந்த அத்தாட்சியை மட்டும் தனியே எடுத்து வைத்தார். அதில் ஒரு கேள்வி. வேலையை முடித்தது யார்? முதலாளி என்று ஒரு கட்டம், தொழிலாளி என்று ஒரு கட்டம். தொழிலாளி என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருந்தது. கூடவே என் கடிதத்தின் பிரதி. ஓரத்தில் யாரோ பென்சிலால் ஜெர்மனில் மொழிபெயர்த்து எழுதியிருந்தார்கள்.

தானாக வேலையை விட்டவருக்குத் தண்டனையாகப் பல கிழமைக் கொடுப்பனவு நிறுத்தப்படும் என்று அதிகாரி சொன்னார். நியாயமான காரணம் இருந்தால் குறைக்கலாம். சொந்தக் காரணங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன சொந்தக் காரணங்கள், யோசித்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார். அவர் முகத்தில் கோபமோ சந்தேகமோ இல்லை. அறிய வேண்டும் என்பதற்காகவே கேட்டார். எங்கள் ஊரில் எழுதியவனே நம்பாத ஒரு வரியை இந்த நாடு நம்பிவிட்டது.

அந்த ஒரு கிழமை எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. என் அகதி வழக்கு இன்னும் முடியாமல் கிடந்தது. வேலையும் இல்லை, இந்தக் காசும் இல்லை என்றால் உதவிப் பணத்துக்குத்தான் கை நீட்ட வேண்டும். அப்படி நீட்டுகிறவர்களின் வழக்குக் கோப்பை வேறு நிறத் தாளில் கட்டி வைப்பார்களாம், வழக்குத் தள்ளுபடியாகுமாம் என்று ஆட்கள் கதைத்தார்கள். உண்மையோ பொய்யோ, கேட்டதிலிருந்து தபால்காரரின் காலடி கேட்டாலே நான் எழும்பிக் கதவடியில் போய் நின்றேன். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முதுகு நோவு என்று சொல். ஊரில் அம்மாவுக்கு நோய் கடுமை என்று சொல். ஃபோர்மன் துவேஷம் காட்டினவர் என்று சொல். அந்தப் பாவப்பட்ட ஃபோர்மன் எனக்கு இரண்டு தரம் ஆப்பிள் தந்தவர். ஒவ்வொரு பொய்யையும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். முதுகு நோவுக்கு டொக்டர் கடிதம் கேட்பார்கள். அம்மாவுக்குக் கடுமை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

திங்கட்கிழமை நானாகவே தொழிற்சாலைக்குப் போனேன். அந்தக் கந்தோர்ப் பெண்ணிடம், என்னை நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்று ஒரு கடதாசி எழுதித் தரமுடியுமா என்று எனக்கு வந்த ஜெர்மனில் கேட்டேன். கேட்கும்போது காது சுட்டது. எதை வாங்கக்கூடாது என்று அவ்வளவு அவசரப்பட்டு ஓடினேனோ, அதை இப்போது கேட்டு வாசலில் நிற்கிறேன். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். எனக்கென்று வெள்ளிக்கிழமைக் கடிதம் ரைப் அடித்துத் தயாராகவே இருந்திருக்கிறது. நான் வியாழக்கிழமை கொடுத்ததால் அதைக் கிழித்துவிட்டார்களாம். நீங்களே போக விரும்பினீர்கள் என்று நினைத்தோம் என்றார். உங்கள் கையெழுத்தை நான் மாற்றமுடியாது, ஆனால் யாராவது ரெலிபோனில் கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றார். அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது?

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் முன் அண்ணையும் நானும் உட்கார்ந்தோம். அதே கேள்வி. நான் அண்ணையிடம் திரும்பினேன்.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. சொந்தக் காரணம் எண்டு ஒண்டும் இல்லை. நிப்பாட்டப் போறாங்கள் எண்டு தெரிஞ்சு, வெட்கத்தில நான் முந்திக் குடுத்திட்டன்."

அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு அதிகாரியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் குடும்பம் என்ற சொல் எனக்குக் கேட்டது. கஷ்டம் என்ற சொல்லும் கேட்டது. அதிகாரி எழுதத் தொடங்கினார்.

நான் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லையே என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மேசையில் இருந்த பென்சில்களைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"உதுகள் இவங்களுக்கு விளங்காது தம்பி. வெட்கம் எண்டதுக்கு ஜெர்மனில என்ன சொல் எண்டு எனக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் குடலுக்கும் ஈரலுக்கும் சொல் தெரிந்த மனிதருக்கு இந்தச் சொல் தெரியாதா? அதிகாரி எழுதிக்கொண்டே போனார். அது முடிந்தால் என் கோப்பில் இல்லாத குடும்பக் கஷ்டம் ஒன்று ஏறிவிடும். பிறகு அதற்கும் அத்தாட்சி கேட்பார்கள். நான் மேசையில் கையை வைத்து, "நைன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அவர் நிமிர்ந்தார். குடும்பம் இல்லை என்றேன். பகுதி மூடுகிறது, எல்லோருக்கும் கடிதம், எனக்கும் கடிதம், நான் முதலில் கடிதம் என்றேன். அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை. என் நெஞ்சில் கையை வைத்து, ஷேம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஷாம், என்று அதை ஜெர்மனில் திருப்பிச் சொன்னார். ஏறக்குறைய அதே சொல். எழுதினதை வெட்டிவிட்டு அந்த ஒரு சொல்லை எழுதினார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி என்னிடமே கேட்டார். "ஏன் வெட்கம்? அந்தப் பகுதியை மூடினது நீங்கள் இல்லையே."

இருபத்தாறு வயது வரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்த்தேன். அவர் ரெலிபோனை எடுத்துத் தொழிற்சாலைக்கு அடித்தார். அந்தப் பெண் உள்ளதைச் சொன்னார் என்று அவர் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது. கடிதம் கடிதம்தான், அதற்குச் சில நாள் வெட்டு விழும், கிழமைக் கணக்கில் விழாது என்று என் சார்பில் எழுதுவேன் என்றார். பிறகு அப்படியே ஆனது. என் அட்டையை இழுத்து அன்றைய கட்டத்தில் முத்திரை குத்தினார்.

வெளியே வந்தபோது எனக்கு ஓடவேண்டும்போல இருந்தது. அண்ணை மீது இருந்த கோபமும் போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்றோம். அவர் என் பக்கம் திரும்பாமல் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போட்டது மனதைத் தாக்கிவிட்டதோ என்று பயந்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை என்றேன். அவர் இல்லையென்று தலையை அசைத்தார். பஸ் வந்து, கதவு திறந்து, நாங்கள் ஏறாததால் மூடிக்கொண்டு போய்விட்டது.

"தம்பி, என்னையும் நிப்பாட்டிப் போட்டாங்கள். ரெண்டு மாசமாகுது."

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு நேரம் எடுத்தது. காலையில் ஐந்தரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வீட்டிலிருந்து இறங்குகிறவர் அவர். சூரிச் ரயில் நிலையத்தில் இருந்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வேலை முடிகிற நேரத்துக்கு வருகிறாராம். வேலைநாள் காலையில் என்னோடு மூன்று தரம் கந்தோருக்கு வந்தாரே, எப்படி நேரம் கிடைத்தது என்று நான் ஒரு தரமாவது கேட்டேனா? என் பயத்துக்குள்ளேயே நான் கிடந்திருக்கிறேன். எங்கேயும் பதியவில்லையா என்றேன். இல்லை என்றார். இதே கந்தோரில், இதே கதிரையில் மற்றவனுக்காக வாய் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

வாங்கோ என்று கையைப் பிடித்தேன். வரமாட்டேன் என்று நின்றார். பிந்திவிட்டது, தரமாட்டார்கள் என்றார். பிந்தினது பிந்தினதுதான், இன்றைக்கும் போகாவிட்டால் இன்னும் பிந்தும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு நடந்தேன். மதிய இடைவேளைக்குச் சாத்த இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். அதிகாரி என்னைப் பார்த்து, ஏதாவது மறந்துவிட்டீர்களா என்றார். நான் அண்ணையைக் காட்டி, இவருக்கும் என்றேன். அவர் ஒரு கணம் அண்ணையைப் பார்த்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து, சீவின பென்சில் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

பெயர் கேட்டார். அண்ணை சொன்னார். பிறந்த திகதி கேட்டார். அதையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். கடைசியாக வேலை செய்த இடம், தொடங்கிய நாள், முடிந்த நாள். பிறகு, வேலையை முடித்தது யார் என்று கேட்டார்.

எங்கள் வீட்டிலேயே நல்ல ஜெர்மன் கதைக்கிற அண்ணை என் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்றார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.